பல் இல்லாத இடத்தில் வலி

பிப்ரவரி பாதிக்கு வந்தும் காற்று திரும்பவில்லை. மிசிரியோங் கணவாயிலிருந்து இறங்கும் வாடைக்காற்றுதான் யோங்தே ஊருக்குச் சோறு போடுகிறது. வெட்டவெளியில் மரக்கழி கட்டிய பரணில் தொங்கும் மியோங்தே மீன் இரவில் கல்லாக உறைய வேண்டும். பகலில் கொஞ்சம் இளக வேண்டும். மறுபடி உறைய வேண்டும். ஏப்ரல் வரை இப்படிப் பாடுபட்டால்தான் சதை பஞ்சாகி மஞ்சள் பூக்கும். இந்த வருஷம் என்ன கேடோ, காற்று தெற்கிலிருந்து வீசியது. கூரைப் பனி சொட்டியது. வானொலியில் மழை என்றார்கள். வானொலி சொல்வதை குவாக் தொக்சாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் அவர் நெஞ்செலும்பும் அதையே சொன்னது. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ரம்பத்தால் அறுத்து, கம்பி போட்டுக் கட்டிய எலும்பு. ஈரம் வந்தால் யாரோ கம்பியை முறுக்குவதுபோல் வலிக்கும்.

அன்று காலை அவர் மனைவி புன்ரே சமையலறைத் தரையில் உட்கார்ந்து வலது கட்டைவிரலை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். சந்திரப் புத்தாண்டன்று சாப்பிட்ட அரிசி மாவு வில்லை இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது என்றாள். அஜீரணம் என்றால் விரலை நூலால் கட்டி, நகத்தடியில் ஊசியால் குத்திக் கெட்ட ரத்தத்தை எடுப்பது அங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

"இன்னும் இறுக்கிக் கட்டுங்க. தொளதொளன்னு இருக்கு."

"விரல் அத்துப் போயிரும் புள்ள."

"போனாப் போகுது. குத்துங்க."

அவர் ஊசியைத் தலைமுடியில் ரெண்டு தரம் தேய்த்துவிட்டுக் குத்தினார். மிளகு பருமனுக்கு ரத்தம் எழும்பியது.

"பாத்தியா, கரியாட்டம் இருக்கு. இவ்வளவு கறுப்புன்னா பெரிய அஜீரணந்தான்."

விரலைக் கட்டி ரத்தத்தைத் தேக்கினால் யாருக்கும் கறுப்பாகத்தான் வரும். அந்த ஊரில் யாரும் அதை யோசித்தது கிடையாது.

"ஏப்பம் வருதா?"

"வந்தாப்பலதான் இருக்கு," என்று புன்ரே எழுந்தாள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் பார்த்தார். அறுபத்தெட்டு வயதுப் பொம்பளை சுவரைப் பிடிக்காமல் எழுவாளா என்று நினைத்துக்கொண்டு ஊசியைத் துடைத்து வைத்தார்.

நெஞ்சு நோய் அந்த வீட்டில் அவருக்குச் சொந்தமானது. ஊரில் அந்த வீட்டுக்குப் பேரே 'நெஞ்சு கீறினவர் வீடு'தான். காலிலிருந்து ரத்தக் குழாயை உருவி இதயத்தில் தைத்து அனுப்பிய நாளிலிருந்து பாரம் தூக்கக்கூடாது, பரண் ஏறக்கூடாது, குளிரில் நிற்கக்கூடாது, உப்பு கூடாது. அவர் செய்யக்கூடாததையெல்லாம் புன்ரே செய்தாள். உறைந்த மீனை இரண்டிரண்டாகக் கோத்து, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரப் பரணில் ஏற்றினாள். முதல் வருஷம் உப்புள்ள குழம்பு ஒரு சட்டி, உப்பில்லாதது ஒரு சட்டி என்று வைத்தாள். அப்புறம் அலுத்துப்போய் அவளும் உப்பில்லாமலே தின்னப் பழகிவிட்டாள். கிம்ச்சி ஊறுகாயைக்கூட அவருக்குத் தண்ணீரில் அலசித்தான் வைப்பாள். அலசின கிம்ச்சியைத் தின்பதற்குச் செத்தே போயிருக்கலாம் என்று அவர் தினமும் சொல்வார். அவள் தினமும் அலசுவாள்.

மதியத்துக்குச் சங்கம் கூடியது. பதிமூன்று வருஷத்துக்கு முன் ஒரே வார்டில், ஒரே வாரத்தில் நெஞ்சு திறக்கப்பட்ட ஆறு பேர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. புத்தாண்டு கழிந்ததும் வருஷம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிட வேண்டும். இப்போது மிச்சம் இரண்டு பேர். ஹொங்சொன் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த பியோ சாங்கில் என்ற முன்னாள் பஸ் டிரைவர் கையில் ஒரு பை பைன் கொட்டையோடு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"தலைவர் வந்திருக்கேன். ஒருத்தரும் எந்திரிக்கக் காணோம்?"

"போன வருஷந்தான் நீ தலைவர். இந்த வருஷம் நான். இருக்கறது ரெண்டு பேரு, இதுகூட மறந்து போச்சா?"

"அப்ப நான் யாருண்ணே?"

"உறுப்பினரெல்லாம் நீதான்."

புன்ரே சாப்பாட்டுப் பலகையைத் தூக்கி வந்து வைத்தாள். மீன் சூப், முள்ளங்கி, அலசின கிம்ச்சி. நெற்றியில் வேர்வை இருந்தது. அடுப்படி வேர்வை என்று இருவரும் நினைத்தார்கள்.

"அண்ணி, நீங்களும் உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க."

"எனக்கு எறங்கல தம்பி. நீங்க சாப்பிடுங்க."

"அஜீரணம்," என்றார் தொக்சாம். "காலையில குத்திவிட்டேன். கரி ரத்தம்."

"அப்ப சரியாயிரும்," என்றார் சாங்கில். சூப்பை ஒரு வாய் உறிஞ்சி, முகத்தை அசைக்காமல் விழுங்கினார். அவர் வீட்டிலும் உப்பு கிடையாது.

சங்கத்தின் வேலை, போனவர்களைப் பற்றிப் பேசுவது. ஒவ்வொரு வருஷமும் அதே பேச்சு. இருந்தாலும் பேச வேண்டும்.

"தையக்கார மேங் நல்ல இதயத்தோட செத்தாரு," என்றார் சாங்கில். "வயித்துல புத்து. கடைசி வாரங்கூட டாக்டர் கேட்டுப் பாத்துட்டு, இதயம் குதிரையாட்டம் ஓடுதுன்னாராம்."

"குதிரை ஓடி என்ன செய்ய, வண்டி ஒடஞ்சு போச்சே."

"நம்ம பானோட சாவு அவனே தேடிக்கிட்டது. வலி போயிருச்சு, இனி மாத்திரை எதுக்குன்னு நிறுத்திட்டு சோஜு சாராயத்துல எறங்கிட்டான்."

"சொக்கோட நெஞ்சை ரெண்டாந்தடவை தொறந்தாங்க, மூடுனாங்க. அவ்வளவுதான். அதுக்குத்தான் சொல்றேன், இந்த டாக்டருங்க சொல்றதுல பாதிதான் நம்பணும்."

"எந்தப் பாதிண்ணே?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன்கூட உக்காந்திருக்கேன்?"

சாங்கில் சிரித்தார். சிரித்தால் அவருக்கும் நெஞ்செலும்பு இழுக்கும். கையை வைத்து அழுத்திக்கொண்டே சிரிப்பார். "நோ அண்ணனை மறந்துட்டோமே. டிராக்டர் கவுந்து போனாரு. அதுக்கு நெஞ்சு என்ன செய்யும்?"

"உனக்கு எப்பிடி?"

"இலையுதிர்காலத்துல படம் புடிச்சாங்க. காலுல எடுத்து வச்சது ஒண்ணு அடைஞ்சிருச்சாம். மத்தது ஓடுதாம். மாடி ஏறினா ரெண்டு எடத்துல நிக்கறேன். உங்களுக்கு?"

"எனக்குத் தைச்ச மூணும் ஓடுது," என்றார் தொக்சாம், தானே பெடல் மிதித்து ஓட்டுவதுபோல.

"நீங்களா ஓட்டுறீங்க? அண்ணி ஓட்டுறாங்க."

அவர் முள்ளங்கியைக் கடித்தார். வெளியே வெளிச்சம் மங்கியது. கதவைத் திறந்து பார்த்தபோது காற்றில் குளிரே இல்லை. ஈர மண் வாடை வந்தது. புன்ரே ஏற்கனவே தார்ப்பாய்ச் சுருளை இழுத்துக்கொண்டு பரணுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த மீன் கறுத்துப்போகும். கறுத்த மீனை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடு ஒரு மழையில் போய்விடும்.

இரண்டு ஆண்பிள்ளைகளும் பின்னால் போய் ஏணியடியில் நின்றார்கள். ஏறக்கூடாதவர்கள். ஏணியைப் பிடிக்க மட்டும் அனுமதி உண்டு.

புன்ரே ஒரு பாயை ஏற்றி விரித்து முனையைக் கட்டினாள். இறங்கினாள். இரண்டாவது பாயைத் தோளில் போட்டாள். நாலு படி ஏறினாள், நின்றாள், அப்படியே பின்பக்கமாக இறங்கினாள். பாயைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்த மரத்துண்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வேலை முடியாமல் அவள் உட்கார்ந்து தொக்சாம் பார்த்ததில்லை.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல. பல்லு வலி." இடது தாடையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் உனக்குப் பல்லே கெடையாதே."

"கெடையாதுதான். ஆனா வலிக்குதே."

அவளுக்கே சிரிப்பு வந்தது. தொக்சாமும் சிரித்தார். சாங்கில் சிரிக்கவில்லை.

"அண்ணே, நம்ம நோ அண்ணன் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, தெரியுமா?"

"எல்லாரையும் மாதிரி நெஞ்சு வலிக்கு."

"பல் வலிக்கு. ஒரு மாசமா பல் வலி. பல் டாக்டர் ரெண்டு பல்லைப் புடுங்கிட்டான். மூணாவதைப் புடுங்கப் போனப்ப அந்த நாக்காலியிலேயே சாஞ்சிட்டாரு. என் பக்கத்துக் கட்டில்தானே? நல்ல பல்லு ரெண்டு போச்சே, ரெண்டு போச்சேன்னு ஒரே பொலம்பல்."

தொக்சாமுக்குக் கோபம் வந்தது. "என்னடா சொல்ல வர்ற? நெஞ்சு வலி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எம்மேல மாடு ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு. இடது கை செத்துப் போச்சு. இவளுக்கு மாடு உக்காந்துச்சா, கேளு!"

"மாடெல்லாம் உக்காரல," என்றாள் புன்ரே. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "முதுகுல யாரோ மொழங்கைய வச்சு அழுத்துறாப்ல இருக்கு. அது புத்தாண்டுக்கு முந்தியே இருக்கு. ஏறினா வரும், நின்னா போயிரும். இன்னைக்கு நின்னும் போகல."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. குத்திவிட்டீங்க."

தொக்சாம் தன் சட்டையின் உள்பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். நாக்கடியில் வைக்கிற மாத்திரை. எங்கே போனாலும் அது அவரோடு போகும். மறந்தால் அவள் ஓடிவந்து பையில் போடுவாள். மூடி அவருக்குத் திறக்க வரவில்லை. சாங்கில்தான் திறந்தார். புன்ரே வாயைத் திறந்து நாக்கை உயர்த்தினாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். முதல் தூறல் தார்ப்பாயில் பட்டுத் தட்டியது.

"மொழங்கைய எடுத்துட்டாங்க," என்றாள் அவள், ஆச்சரியமாக.

தொக்சாம் குப்பியைத் திரும்பப் பார்த்தார். அஜீரணத்துக்கு அந்த மாத்திரை கேட்காது என்பது அவருக்குத் தெரிந்த மருத்துவம். சாங்கில் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம்," என்றாள் புன்ரே. "அதான் சரியாயிருச்சே. இன்னும் நாலு வரிசை மூடணும். மீனு நனையுது."

"கறுத்துப் போகட்டும்."

"என்ன பேச்சு இது? யாரு மீனு?"

"கறுத்துப் போகட்டும்னு சொன்னேன்ல? உக்காரு!"

சாங்கில், "நான் பக்கத்து வீட்டாளுங்களைக் கூப்பிட்டு மூடச் சொல்றேண்ணே," என்றார்.

"நீ ஏறாத. ஏறித் தொலஞ்சீன்னா சங்கத்துல நான் ஒருத்தன்தான் மிச்சம்."

ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கிய இரண்டு பையன்களும் நேராக தொக்சாமிடம் போனார்கள். அந்த வீட்டுக்கு முன்பும் வந்திருக்கிறார்கள். ஒருவன் அவர் முதுகைத் தாங்கினான். இன்னொருவன் படுக்கையை அவர் பக்கம் உருட்டினான்.

"படுங்க தாத்தா. பேச வேணாம். எப்ப ஆரம்பிச்சுது?"

"நான் இல்லடா! அங்க பாரு, அவ!"

மரத்துண்டின் மேல் உட்கார்ந்திருந்த கிழவியை அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். அவள் எழுந்து, மேலங்கியில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் தட்டிவிட்டாள். வண்டி அழுக்காகிவிடக் கூடாதே என்று.

மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கடற்கரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். மகன் உல்சானிலிருந்து கிளம்பிவிட்டான், காலைக்குள் வந்துவிடுவான் என்று அவள் கேட்காமலே தொக்சாம் அவளிடம் சொன்னார். அவள் திரையில் படத்தை ஓட்டிக் காட்டினாள். கறுப்பாக ஓடி வந்த கோடு மூன்று இடத்தில் நூலாக இளைத்தது. அப்படி ஒரு படத்தை தொக்சாம் முன்பே பார்த்திருக்கிறார், அது அவருடையது. அதில் சந்தேகப்பட ஒன்றும் அகப்படுமா என்று தேடினார். அகப்படவில்லை.

"ஒரு தடவை லேசா அட்டாக் வந்திருக்கு," என்றாள் டாக்டர். "இதுக்குக் கம்பி வலை வச்சாப் பத்தாது. திறந்துதான் ஆகணும். நாளைக்குக் காலையிலேயே செஞ்சுரலாம்."

கட்டிலில் கிடந்த புன்ரே கேட்டாள், "இவருக்குச் செஞ்ச மாதிரியேவா?"

"அதேதான் பாட்டி. பாருங்க, தாத்தா பதிமூணு வருஷம் தாண்டி நல்லா இருக்காரே. நல்லாப் பாத்துக்கிட்டா நெறையப் பேர் அதுக்கு மேலயும் இருக்காங்க."

"நல்லாப் பாத்துக்கிட்டா," என்றாள் புன்ரே. "அவருக்கு நான் இருந்தேன் டாக்டரம்மா. எனக்கு வேணாம். மாத்திரை குடுங்க, வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

டாக்டர் தொக்சாமைப் பார்த்தாள். மாத்திரையோடு போனால் எத்தனை நாளோ, சொல்ல முடியாது என்றாள். ராத்திரிக்குள் முடிவு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டார். ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை.

"பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல. அலுப்பா இருக்கு." அவள் கூரையைப் பார்த்துப் பேசினாள். "தொறக்கறது ஒரு நாளு. அதுக்கப்புறந்தானே எல்லாம்? இருமறப்ப நெஞ்சுல தலையணைய வச்சு நான் அமுக்கிப் புடிச்சேன். ஆறு மாசம் உங்களுக்கு முதுகு தேச்சுவிட்டேன். கால்ல தையல் போட்ட எடம் சீழ் கோத்தப்ப நாந்தான் கழுவினேன். மூணு வேளை மாத்திரை. உப்பு. குளிரு. நீங்க ராத்திரி மூச்சு விடுறீங்களான்னு கைய வச்சுப் பாத்துட்டுத்தான் தூங்குவேன், இன்னைக்கு வரைக்கும். எனக்கு யாரு இருக்கா? பையன் ரெண்டு நாளைக்கு லீவு போடுவான். நீங்க சோறுகூட வடிச்சதில்ல."

"நான் செய்றேன்."

"என்ன செய்வீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையில் ஒன்றும் தெரியாது. மாத்திரை டப்பாவில் எது காலையில், எது இரவில் என்றுகூடத் தெரியாது. அவள் உள்ளங்கையில் வைப்பாள், இவர் விழுங்குவார்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லுங்க," என்றாள் புன்ரே. "இந்தப் பதிமூணு வருஷம் உங்களுக்கு நல்லா இருந்துச்சா? தெனமும் செத்திருக்கலாம், செத்திருக்கலாம்னீங்க. அது நெசமா? நெசம்னா எனக்கு எதுக்கு அது?"

நல்லது என்று எதையும் அவர் வாயால் சொன்னது கிடையாது. மீன் நன்றாக மஞ்சளித்தால்கூட, போன வருஷத்துக்கு மட்டம்தான் என்பார்.

"காலு வீங்கும்," என்றார் கடைசியில். "இந்த எலும்பு சாகற வரைக்கும் வலிக்கும். உப்பில்லாத சோறு சோறே இல்ல. வெளிய நின்னா எல்லாரும் செத்தவன் நடந்து வர்றாப்ல பாக்கறாங்க. பொண்டாட்டி ஏணி ஏற, கீழ நின்னு புடிக்கிற ஆம்பளைக்கு என்ன மரியாத?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்டது அது இல்ல."

"தெரியும். பொறு." தொண்டையைச் செருமினார். "ஏப்ரல்ல மீனைப் பரண்லேந்து எறக்கி முடிச்சதும், வெறும் பரணுக்குக் கீழ உக்காந்து காலை நீட்டுவோம்ல? நீ வேலை முடிஞ்சாத்தான் உக்காருவ. அன்னைக்கு மட்டும் வெயிலு முகத்துல அடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்ப. ஒண்ணும் பேச மாட்ட."

"ஆமா. அதுக்கென்ன?"

"அது நல்லா இருந்துச்சு."

"வருஷத்துல ஒரு நாளு அது."

"ஒரு நாளுதான். அதுக்காகக் குளிர்காலம் பூராவும் அந்த அலசின கண்றாவியைத் தின்னேன். இந்த ஏப்ரல்லயும் உக்காரணும். தனியா உக்காந்து நான் என்ன செய்ய?"

புன்ரே தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அழுவாளோ என்று அவருக்குப் பயமாகிவிட்டது. அவள் அழவில்லை. முகத்தில் எரிச்சல்தான் இருந்தது. "பதிமூணு வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அவர் நினைத்தார். தாதிப் பெண் கையெழுத்து வாங்கும் தாளோடு வந்து, என்ன முடிவு என்பதுபோல் பார்த்தாள். தொக்சாம் கையை விரித்தார்.

"அரிசியை மொதல்ல ஊற வைக்கணும்," என்றாள் புன்ரே, கண்ணைத் திறக்காமல்.

"என்ன?"

"தொறந்தவங்களுக்குக் கஞ்சிதானே குடுப்பாங்க? உங்களுக்கு ஒரு மாசம் அதான் குடுத்தேன். அரிசியை ஊற வச்சு, தண்ணிய வடிச்சுட்டு, எள்ளெண்ணெயில வறுக்கணும். கருக விடக்கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"நேரம் பாக்கக்கூடாது. அரிசி கண்ணாடி மாதிரி ஆகும், அதைப் பாக்கணும். அப்புறம் தண்ணி."

"எவ்வளவு?"

"நீங்க நெனைக்கறதுக்கு மேல. கிண்டிக்கிட்டே இருக்கணும். நடுவுல வெளிய போய் யாரோடயாவது சண்டை போட்டீங்கன்னா அடி புடிச்சிரும்."

"சரி. அரிசி, எண்ணெய், தண்ணி."

"ஊற வைக்கறதை விட்டுட்டீங்க."

தாதிப் பெண் தாளை நீட்டி, "பாட்டி, அப்ப சம்மதம்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டாள்.

"எழுதலாம், கொஞ்சம் பொறும்மா," என்றாள் புன்ரே. "இவரு மறுபடியும் மொதல்லேந்து சொல்லட்டும்."